அசல்நிலை எது? கான்டெஸா கார்களும் மீட்டமைப்பின் அறமும்

பழைய கார்களை மீட்டமைப்போரிடையே 'ஒரிஜினல்' என்ற சொல்லுக்கு இருக்கும் மதிப்பு வேறெந்தச் சொல்லுக்கும் இல்லை. ஒரு வண்டி தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் எப்படி இருந்ததோ, அந்த நிலைக்கே அதைத் திரும்பக் கொண்டுசெல்வதுதான் மீட்டமைப்பின் உச்சம் என்பது பொதுக் கருத்து. விலை அதைப் பொறுத்தே அமைகிறது; கண்காட்சிப் பரிசுகளும் பெரும்பாலும் அதைப் பொறுத்தே வழங்கப்படுகின்றன. 2021 முதல் இந்தியச் சட்டமும் அதே அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டுள்ளது. ஆனால் 'அசல்' என்பது எந்த நாளைக் குறிக்கிறது? தொழிற்சாலை வாயிலைக் கடந்த அந்த ஒரு நாளையா, அதன்பின் அவ்வண்டி சாலையில் ஓடிய நாற்பது ஆண்டுகளையும் சேர்த்தா? இது கார்ப் பிரியர்களின் பொழுதுபோக்கு விவாதம் போலத் தோன்றலாம். உண்மையில் இது தொழில்நுட்ப வரலாற்றின் சான்றுகளை எவ்வாறு கையாள்வது என்ற ஆய்வுமுறைச் சிக்கல். இச்சிக்கலைத் தெளிவாகக் காட்டும் வண்டி ஒன்று இந்தியாவில் உண்டு. அது இந்துஸ்தான் கான்டெஸா.

'மசில் கார்' என்ற வகை அமெரிக்காவுக்கு உரியது. நடுத்தர அளவுள்ள, இரண்டு கதவுகள் கொண்ட உடலுக்குள் பெரிய வி8 எஞ்சினைப் பொருத்தி, சாதாரண வருவாயுள்ள இளைஞரும் வாங்கத்தக்க விலையில் விற்கப்பட்ட வண்டிகள் அவை. 6.4 லிட்டர் எஞ்சினும் 325 குதிரைத்திறனும் கொண்டு 1964ஆம் ஆண்டு மாடலாக வந்த பான்டியாக் ஜிடிஓவை இவ்வகையின் தொடக்கமாகப் பலரும் குறிப்பிடுவர். அடுத்த பத்தாண்டுகளுக்குள் அக்காலம் முடிந்துவிட்டது. 1970இன் தூய காற்றுச் சட்டம், ஏறிக்கொண்டே போன காப்பீட்டுக் கட்டணம், 1973இன் எண்ணெய் நெருக்கடி ஆகிய மூன்றும் சேர்ந்து அதை முடித்துவைத்தன. இறக்குமதிக் கட்டுப்பாடும் உரிமமுறையும் நிலவிய அன்றைய இந்தியாவில் இவ்வகை வண்டிகள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே வந்து சேர்ந்தன. அந்த இடைவெளியை இந்தியக் கற்பனையில் நிரப்பிய வண்டிதான் கான்டெஸா.

பிரிட்டனின் வாக்ஸால் நிறுவனம் 1972இல் வெளியிட்ட விக்டர் எஃப்இ வரிசையின் வடிவமே கான்டெஸாவுக்கு மூலம். அதன் உற்பத்திக் கருவிகளை வாங்கிய இந்துஸ்தான் மோட்டார்ஸ், மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் 1984 முதல் 2002 வரை இவ்வண்டியைத் தயாரித்தது. நீண்ட முன்மூடியும் அகன்ற தோற்றமும் பின்சக்கர இயக்கமும் அதற்கு 'இந்தியாவின் மசில் கார்' என்ற பெயரைப் பெற்றுத் தந்தன. தோற்றத்துக்கும் ஆற்றலுக்கும் இடையில் இருந்த தொலைவோ மிகப் பெரிது. முதலில் வந்த கான்டெஸாவின் உள்ளே இருந்தது அம்பாசடருக்குரிய 1489 சிசி எஞ்சின். அதன் ஆற்றல் ஏறத்தாழ 50 குதிரைத்திறன் மட்டுமே. பின்னர் ஜப்பானின் இசுஸு நிறுவனத்தின் தொழில்நுட்பத்துடன் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் வந்தது. 88 குதிரைத்திறனும் ஐந்து கியர்களும் கொண்ட அதுவே 'கான்டெஸா கிளாசிக்'. அதற்குப் பின் இசுஸுவின் டீசல் எஞ்சினும் வந்தது.

ஆக, ஒரே பெயரில் ஓடிய இவ்வண்டியின் வரலாற்றிலேயே 'அசல்' ஒன்றல்ல. உடல் பிரிட்டனுடையது, முதல் எஞ்சின் பிரிட்டனில் பிறந்து அம்பாசடர் வழியே இந்தியமயமானது, இரண்டாவது எஞ்சின் ஜப்பானியத் தொழில்நுட்பம். இந்த வரலாறு சித்தூர் மண்ணையும் தொடுகிறது. இந்தியாவில் மீண்டும் கால்பதித்த இசுஸு நிறுவனம், தொடக்கத்தில் தன் வண்டிகளை இந்துஸ்தான் மோட்டார்ஸின் திருவள்ளூர் ஆலையில் ஒப்பந்த முறையில் தயாரித்தது. பிறகு 2016இல் ஸ்ரீசிட்டியில் தன் சொந்த ஆலையைத் திறந்தது. அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஸ்ரீசிட்டி, 2022ஆம் ஆண்டின் மாவட்டப் பிரிவினைக்குப் பின் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. கான்டெஸாவுக்கு எஞ்சின் தந்த நிறுவனம் இன்று இயங்கும் இதே வட்டாரத்தில், அந்த எஞ்சினைப் பழுதுபார்க்கத் தெரிந்த தலைமுறை முதுமை எய்திக்கொண்டிருக்கிறது.

அசல்நிலை மீட்டமைப்பு எவ்வாறு நடைபெறுகிறது என்பதைப் பார்த்தால் சிக்கல் விளங்கும். வண்டி முழுவதும் பிரிக்கப்படுகிறது. பழைய பெயின்ட் உலோகம் வரை சுரண்டி நீக்கப்படுகிறது. துருப்பிடித்த தகடு வெட்டப்பட்டுப் புதுத் தகடு பற்றவைக்கப்படுகிறது. எஞ்சின் லேத் பட்டறைக்குச் சென்று ரீபோர் செய்யப்படுகிறது. அடிச்சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆவணங்களோடு ஒப்பிடப்படுகின்றன. அமெரிக்க மசில் கார்ச் சந்தையில் இந்த எண்பொருத்தம் ஒரு தனி இயலாகவே வளர்ந்துவிட்டது. தொழிற்சாலைப் பணியாளர் அவசரத்தில் இட்ட சுண்ணக்கட்டிக் குறிகளையும், அடிப்பாகத்தில் சிந்திய பெயின்ட்டையும்கூட மீட்டமைப்பாளர்கள் இன்று கவனமாகப் போலச்செய்கிறார்கள். ஒரு தொழிலாளியின் கவனக்குறைவை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் பெரும் கவனத்தோடு மீண்டும் உருவாக்குவது நகைமுரணே. அதைவிடக் கவலைக்குரியது, அதற்கு இடம் தருவதற்காக அழிக்கப்பட்டவை எவை என்பது.

1968இல் வெளிவந்த 'புல்லிட்' திரைப்படத்தில் ஸ்டீவ் மெக்குவீன் ஓட்டிய ஃபோர்டு மஸ்டாங் இதற்குத் தக்க சான்று. படப்பிடிப்புக்குப் பின் கைமாறிய அவ்வண்டி ஒரு குடும்பத்திடம் பல்லாண்டுகள் இருந்தது. அன்றாடப் பயணத்துக்கும் பயன்பட்டது. மெக்குவீனே அதைத் திரும்ப வாங்க முயன்று பலன் கிட்டவில்லை. 2018இல் அது மீண்டும் பொதுவெளிக்கு வந்தபோது பெயின்ட் மங்கியிருந்தது, துரு இருந்தது, கேமராவைப் பொருத்துவதற்காகச் செய்யப்பட்ட மாற்றங்களின் தடயங்களும் இருந்தன. யாரும் அதைப் புதுப்பிக்கவில்லை. 2020 ஜனவரியில் அது ஏலக் கட்டணம் நீங்கலாக 34 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. அதன் உரிமையாளர் அவ்வண்டியை 1968ஆம் ஆண்டின் காட்சியறை நிலைக்கு மீட்டமைத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? துளைகள் அடைக்கப்பட்டிருக்கும், பெயின்ட் பளபளத்திருக்கும், அது அந்தத் திரைப்படத்தில் ஓடிய வண்டி என்பதற்கு வண்டியிலேயே இருந்த சான்றுகள் மறைந்திருக்கும். 'அசல்' என்ற பெயரால் அசலே அழிந்திருக்கும்.

தமிழ் ஆய்வுலகுக்கு இது புதிய சிக்கல் அன்று. ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் இதே கேள்வியை எதிர்கொண்டார்கள். பல நூற்றாண்டுகள் பலர் கைப்பட எழுதப்பட்டுவந்த ஒரு நூலின் 'மூல வடிவம்' எது? உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட காலந்தொட்டுத் தமிழ்ப் பதிப்பியல் கற்றுக்கொண்ட பாடம் எளியது: சிறந்ததெனத் தோன்றும் பாடத்தை மேலே வைக்கலாம், ஆனால் மாற்றுப் பாடங்களை அழிக்கக் கூடாது, அவற்றை அடிக்குறிப்பில் பதிய வேண்டும். பாடபேதம் என்பது பிழைப் பட்டியல் அன்று. அந்நூல் எவ்வெவ் ஊர்களில், எவ்வெவ் கைகளில் வாழ்ந்தது என்பதன் தடம் அது. பாடபேதங்களைத் தராமல் 'இதுவே மூலம்' என ஒருவர் பதிப்பித்தால், எத்துணைப் புலமையுடையவராயினும் அறிவுலகம் அவரை ஐயத்துடனேயே நோக்கும். காரை மீட்டமைப்பவரும் ஒரு பதிப்பாசிரியரே. அவரிடம் மட்டும் இந்த நேர்மை எதிர்பார்க்கப்படுவதில்லை.

அசல்நிலை என்பது பொருளளவிலும் எட்ட இயலாத ஒன்று. கான்டெஸா பிறந்த காலத்தில் இந்திய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது; 2000ஆம் ஆண்டில் அது நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. ஈயம் பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகளைத் தேய்மானத்திலிருந்து காத்துவந்தது. அது இல்லாதபோது அத்தகைய எஞ்சின்களுக்குக் கடினப்படுத்திய உலோக இருக்கைகளைப் பொருத்த வேண்டியதாகிறது. இன்றோ 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே நிலையங்களில் பரவலாகக் கிடைக்கிறது. அக்காலத்து ரப்பர்க் குழாய்களையும் கார்புரேட்டரின் அடைப்பு வளையங்களையும் எத்தனால் நாளடைவில் கெடுக்கக்கூடும். அது ஈரத்தை ஈர்ப்பதால், நெடுநாள் ஓடாமல் நிற்கும் வண்டியின் எரிபொருள் தொட்டி துருப்பிடிக்கும். பழைய ரப்பரைத் தேடிப் பிடித்துப் பொருத்துபவர் அசலுக்கு உண்மையாக இருக்கிறார். ஆனால் வண்டியைத் தீ விபத்துக்கு அருகில் கொண்டுசெல்கிறார். பழைய பிரேக் உராய்வுப் பட்டைகளில் கல்நார் இருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமென எவரும் வாதிட முடியாது. அன்றைய பெயின்ட் வகைகள் பட்டறைகளிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிட்டன. எனவே ஒவ்வொரு மீட்டமைப்பும் ஏதோ ஓரிடத்தில் இக்காலத்தோடு சமரசம் செய்துகொள்கிறது. அச்சமரசத்தை ஒளிப்பதா, பதிவுசெய்வதா என்பதே மீட்டமைப்பாளர் முன் உள்ள தேர்வு.

இந்தியச் சூழலில் மற்றொரு பரிமாணமும் உண்டு. அமெரிக்காவில் ஒரு மசில் காருக்கு இன்றும் புதிதாக வார்க்கப்பட்ட உதிரிப்பாகங்கள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. கான்டெஸாவுக்கு அப்படியொரு தொழில் உருவாகவில்லை. உற்பத்தி நின்றபின் இவ்வண்டிகளை ஓடவைத்தவர்கள் பட்டறைக்காரர்கள்தாம். சென்னையின் புதுப்பேட்டை, பெங்களூரின் ஜே.சி. சாலை ஆகிய இரண்டு பெரும் உதிரிப்பாகச் சந்தைகளுக்கும் இடையில், பழைய நெடுஞ்சாலையின் மேல் அமைந்திருக்கிறது சித்தூர். ராணிப்பேட்டை வழியாக வந்து பலமநேர், முளுபாகல், கோலார் என ஏறிச்செல்லும் அந்தச் சாலை, லாரிகளையும் பேருந்துகளையும் மட்டுமல்லாமல் பழுதுபார்க்கும் அறிவையும் சுமந்து சென்றது. திருப்பதிக்கு வந்துபோகும் வண்டிகளின் பெருக்கமும் அவ்வறிவுக்குச் சோறு போட்டது. இப்பட்டறைகளின் மொழி தெலுங்கும் தமிழும் உருதும் ஆங்கிலமும் கலந்தது. டிங்கரிங், பட்டி, ரீபோர், லேத் என அதன் சொற்கள் எந்த அகராதியிலும் முறையாகத் தொகுக்கப்படாதவை.

பெட்ரோல் விலை ஏறியபோது டீசல் எஞ்சினை மாற்றிப் பொருத்தியவர்கள் இவர்கள். கிடைக்காத பாகத்துக்கு அம்பாசடரின் பாகத்தைச் சீர்செய்து பொருத்தியவர்கள். அதுவும் கிடைக்காதபோது லேத்தில் கடைந்து எடுத்தவர்கள். அசல்நிலை மீட்டமைப்பின் கண்ணுக்கு இவையனைத்தும் 'கறைகள்'. முதல் வேலையாக இவை கழற்றி எறியப்படுகின்றன. பெரும்பாலும் ஒரு புகைப்படம்கூட எடுக்கப்படுவதில்லை. ஆனால் இந்தியத் தொழில்நுட்ப வரலாற்றை எழுதப் புகும் ஆய்வாளருக்கு, உத்தர்பாராவில் அச்சடித்தாற்போல் வெளிவந்த பாகங்களைவிட இக்கைவேலைகள் அரிய சான்றுகள். தட்டுப்பாட்டுப் பொருளாதாரத்தில் ஒரு சமூகம் இயந்திரத்தை எப்படிப் புரிந்துகொண்டது, எப்படித் தன்வயப்படுத்திக்கொண்டது என்பதை ஆலையின் ஏடுகள் சொல்லா. கழற்றி எறியப்படும் அந்த இரும்புத் துண்டு சொல்லும்.

இந்நிலையில்தான் சட்டத்தைப் பார்க்க வேண்டியுள்ளது. 2021 ஜூலையில் ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வின்டேஜ் வாகனங்களுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, சொந்தப் பயன்பாட்டுக்குரிய இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இவ்வகையில் அடங்கும். அவை அசல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். அடிச்சட்டத்திலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்யப்பட்டிருந்தால் தகுதி இல்லை. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்து ஆண்டுகள் செல்லும். 'விஏ' என்ற எழுத்துகள் கொண்ட தனி எண் வரிசை தரப்படும். முன்பே பதிவுபெற்ற வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, ஆய்வு, பேரணி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கன்றி அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. பழைய வாகனங்களை மரபுச்செல்வமாகச் சட்டம் ஏற்றுக்கொண்டது பாராட்டத்தக்கதே. 'ஏபி 03' என்ற பழைய சித்தூர் எண்ணும் அந்த வண்டியின் வரலாற்றில் ஒரு பகுதி என ஏற்றிருப்பதும் நல்ல முடிவு. 2019 முதல் ஆந்திரம் முழுமைக்கும் 'ஏபி 39' என்ற ஒரே வரிசை வந்துவிட்ட நிலையில் அதன் மதிப்பு கூடியே இருக்கிறது.

ஆனால் கான்டெஸாவை இவ்விதியின்முன் நிறுத்திப் பார்த்தால் இரண்டு பெரிய இடைவெளிகள் புலப்படுகின்றன. முதலாவது, காலம். 1984இல் பதிவான முதல் கான்டெஸா 2034இல்தான் 50 ஆண்டுகளை எட்டும். 2002இல் பதிவான கடைசி வண்டி 2052 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அது மரபுச்செல்வம் அன்று. வெறும் பழைய வண்டி. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025இல் அது 10,000 ரூபாயானது. இன்று எந்தக் கான்டெஸாவும் 20 வயதுக்குக் குறைந்ததன்று. ஒரு பொருளை மரபுச்செல்வம் என ஏற்பதற்குமுன் அதைக் காயலான் கடைக்கு அனுப்பும் எல்லா ஊக்கங்களையும் முப்பத்தைந்து ஆண்டுகள் அளித்துவிட்டு, எஞ்சியவற்றுக்கு மட்டும் மாலை அணிவிப்பது எத்தகைய பாதுகாப்பு?

இரண்டாவது இடைவெளி இன்னும் ஆழமானது. எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் தகுதி இல்லை என்கிறது விதி. இந்தியச் சாலைகளில் நீண்டகாலம் உழைத்த வண்டிகள் பலவற்றுக்கு நேர்ந்ததே எஞ்சின் மாற்றம்தான். இந்நிலையில் உரிமையாளருக்கு விதி மறைமுகமாகத் தரும் அறிவுரை என்ன? மாற்றத்தின் தடயங்களை அழி. பழைய எஞ்சினைத் தேடிப் பொருத்து. நடந்ததை நடக்காததுபோல் காட்டு என்பதே. உண்மையான வரலாற்றைச் சொல்பவர் தகுதி இழக்கிறார். அதைத் துடைத்தழித்தவர் சான்றிதழ் பெறுகிறார். மரபைக் காக்க எழுந்த விதி, மரபுச் சான்றை அழிக்கத் தூண்டும் விதியாக மாறும் இடம் இது.

'மாற்றம் நேர்ந்தால் அடையாளம் போய்விடும்' என்ற எண்ணம் மெய்யியலிலும் சட்டத்திலும் நிலைபெற்ற ஒன்றன்று. 'மிலிந்த பன்ஹ' என்னும் பௌத்த நூலில் நாகசேனர் மன்னர் மிலிந்தரிடம் தேரைக் காட்டிக் கேட்கும் கேள்வி அறியப்பட்டதே: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எந்தத் தனியுறுப்பும் தேரன்று என்பதை மன்னர் ஒப்புக்கொள்கிறார். 1990இல் லண்டன் உயர்நீதிமன்றம் இதே கேள்வியை ஒரு காரை முன்வைத்து ஆராய நேர்ந்தது. 1929, 1930 ஆகிய ஆண்டுகளில் லெ மான் பந்தயத்தை வென்ற பென்ட்லி 'ஓல்டு நம்பர் ஒன்' வண்டி பலமுறை மாற்றியமைக்கப்பட்டிருந்தது. பந்தயம் வென்றபோது இருந்த பாகங்களில் எஞ்சியவை சிலவே. 'இது அந்த வண்டியே அன்று' என்று வாங்கியவர் தரப்பு வாதிட்டது. நீதிபதி ஆட்டன் அதை ஏற்கவில்லை. அறுபடாத தொடர்ச்சியோடு வாழ்ந்துவந்த வண்டி என்பதே அதன் அடையாளம் எனத் தீர்ப்பளித்தார். பாகங்களின் பழமையைவிட வரலாற்றின் தொடர்ச்சி அங்கே எடைமிக்கதாயிற்று.

தமிழர்க்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு திருவாரூர் ஆழித்தேர். 1926இல் தீக்கிரையாகிப் பின் புதிதாகச் செய்யப்பட்ட அத்தேருக்கு, திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தியது. அதனால் அது ஆழித்தேர் அல்லாமல் போய்விட்டது என எவரும் சொல்வதில்லை. சித்தூர் வட்டாரத்திலேயே ஸ்ரீகாளஹஸ்தி இருக்கிறது. கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய இராஜகோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது; அதே இடத்தில் எழுந்த புதிய கோபுரத்துக்கு 2017இல் குடமுழுக்கு நடைபெற்றது. வழிபடுவோர்க்கு அது அதே கோயிலின் கோபுரம். வரலாற்று மாணவர்க்கு அது 21ஆம் நூற்றாண்டுக் கட்டுமானம். இரண்டும் ஒரே வேளையில் உண்மையாக இருக்க முடிகிறது. காரணம், இடிந்த நாளும் எழுந்த நாளும் எல்லார்க்கும் தெரியும். எவரும் அதை மறைக்கவில்லை. கார்களுக்கு வேண்டுவதும் அதே தேதி நேர்மைதான்.

இவ்வாதத்துக்கு எதிர்ப்புகள் உண்டு. அவை புறக்கணிக்கத்தக்கவை அல்ல. 'அசல்நிலை என்ற அளவுகோலைத் தளர்த்தினால் எதுவும் செல்லும் என்றாகிவிடும். கண்ட சக்கரத்தையும் விளக்கையும் மாட்டி அதையும் வரலாறு என்பார்கள்' என்பது முதல் எதிர்ப்பு. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அளவுகோலைத் தளர்த்துவது வேறு, மாற்றுவது வேறு. பதிவும் மீள்தன்மையும் அசல்நிலையைவிடக் கடுமையான அளவுகோல்கள். எது எப்போது மாற்றப்பட்டது, கழற்றிய பாகம் எங்கே இருக்கிறது, செய்த மாற்றத்தைத் தடயமின்றித் திரும்பப் பெற முடியுமா என்ற கேள்விகளுக்கு விடை வைத்திருப்பது, பளபளக்கும் பெயின்ட்டைக் காட்டுவதைவிடக் கடினமானது. பழைய வாகனச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம் இத்திசையிலேயே செல்கிறது. பேணுதலை மீட்டமைப்பிலிருந்து பிரித்துக் காட்டும் அச்சாசனம், செய்த வேலைகளை ஆவணப்படுத்துமாறு வலியுறுத்துகிறது. மாற்றிய பாகங்களை அடையாளம் காணத்தக்கவாறு குறியிட வேண்டும் என்றும் சொல்கிறது.

இரண்டாவது எதிர்ப்பு சூழல் சார்ந்தது. பழைய எஞ்சின்கள் புகை கக்குபவை. அவற்றுக்குச் சலுகை தருவது நகரத்தின் காற்றுக்குக் கேடு என்பது நியாயமான கவலை. இதற்கான தீர்வு விதியிலேயே உள்ளது. வின்டேஜ் வண்டிகளின் ஓட்டத்தை வரையறுத்தது போலவே இளைய மரபு வண்டிகளின் ஓட்டத்தையும் வரையறுக்கலாம். ஆண்டில் சில நாள்கள் மட்டும் வெளிவரும் சில வண்டிகளின் புகை, அன்றாடம் ஓடும் பல்லாயிரம் வண்டிகளின் புகைக்கு ஈடாகாது. மூன்றாவது எதிர்ப்பு பாதுகாப்பு பற்றியது. திருமலை மலைப்பாதை போன்ற நெடிய இறக்கத்தில் பழைய டிரம் பிரேக்குகள் சூடேறிப் பிடிமானம் இழக்கும். இவ்வாதம் உண்மையில் அசல்நிலைக்கு எதிரானது. ஆழித்தேருக்குப் பொருத்திய ஹைட்ராலிக் பிரேக் காருக்கு மட்டும் குற்றமாகாது. பாதுகாப்புக்காகச் செய்யும் மாற்றத்தை விதி வெளிப்படையாக அனுமதித்து, அதைப் பதியச் சொல்ல வேண்டும்.

ஆகவே செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, 50 ஆண்டு எல்லைக்குமுன் ஓர் இடைநிலை வகை. ஃபிவா 30 ஆண்டு கடந்த வண்டியை வரலாற்று வாகனமாகக் கருதுகிறது. ஜெர்மனியும் 30 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 'எச்' என முடியும் தனி எண்ணை வழங்குகிறது. இந்தியாவும் 30 ஆண்டை ஏற்றால் கான்டெஸா வண்டிகள் பல இன்றே பாதுகாப்பு வளையத்துக்குள் வந்துவிடும். இரண்டாவது, 'அசல் வடிவம்' என்ற நிபந்தனையின் இடத்தில் 'ஆவணப்படுத்தப்பட்ட வரலாறு' என்ற நிபந்தனை. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரலாற்றேடு; அதில் எஞ்சின் மாற்றம் உட்பட எல்லா வேலைகளும் தேதியோடும் பட்டறையின் பெயரோடும் இடம்பெற வேண்டும். பொய்யான பதிவுக்கே தகுதியிழப்பு. உண்மையான மாற்றத்துக்கு இல்லை.

மூன்றாவது பணி சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதன்று. அது பல்கலைக்கழகங்களுக்கு உரியது. குப்பத்தில் 1997இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் தென்னிந்திய மொழிகளின் ஊடாட்டத்தை ஆராய்வதற்கென்றே இருக்கிறது. சித்தூர்ப் பட்டறைகளின் கலப்புச் சொற்களஞ்சியத்தைத் தொகுக்க அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. திருப்பதியில் 1954இல் தோன்றிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும் 2015இல் தோன்றிய ஐஐடியும் உள்ளன. ஒன்று முதிய மெக்கானிக்குகளின் வாய்மொழி வரலாற்றைப் பதியலாம்; மற்றொன்று லேத்தில் கடைந்த பாகங்களை அளந்து, வரைந்து, உலோகத்தைச் சோதித்து ஆவணமாக்கலாம். கோயம்புத்தூரின் ஜீடி கார் அருங்காட்சியகம், கார்களை அறிவியல் கல்விக்குரிய பொருள்களாகக் காட்சிப்படுத்த முடியும் என்பதைத் தென்னிந்தியாவில் காட்டியிருக்கிறது. அங்கே வண்டிகள் இருக்கின்றன. இங்கே வேண்டுவது வண்டிகளைக் காத்த கைகளின் பதிவு. ஓர் இளநிலை மாணவர் ஒரு பருவத்தில் ஒரு பட்டறையை ஆவணப்படுத்தினால் போதும். பத்தாண்டுகளில் எந்த ஆலை ஏட்டிலும் கிடைக்காத ஓர் ஆவணத் தொகுப்பு உருவாகிவிடும்.

இதற்குக் காலம் அதிகமில்லை. உத்தர்பாரா ஆலை 2014 மே மாதம் பணியை நிறுத்தியது. கான்டெஸாவைப் புதிதாகச் செய்யும் திறன் அதற்கு வெகுகாலம் முன்பே மறைந்துவிட்டது. எஞ்சியிருப்பது பழுதுபார்க்கும் திறன் மட்டுமே. அதுவும் ஒரு தலைமுறையின் நினைவில்தான் இருக்கிறது. இனி மீட்டமைக்கப்படும் ஒவ்வொரு கான்டெஸாவிலும், பிரித்தெடுக்கும் முதல் நாளிலேயே எதைக் கழற்றுகிறோம் என்பதை உரிமையாளரும் மெக்கானிக்கும் சேர்ந்து எழுதி வைக்க வேண்டும். கழற்றிய பாகத்தை ஒரு பெட்டியில் தேதியிட்டு வைக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு நோட்டுப் புத்தகமும் சில புகைப்படங்களும். அந்தப் பெட்டி இருக்கும்வரை, பெயின்ட் எத்துணைப் புதிதாயினும் வண்டி தன் வரலாற்றை இழக்காது.